ஐம்பத்தொன்பதாவது மாணவன்

தருமபுரி,
சனிக்கிழமை காலை.

அன்புத் தங்கை மேனகாவுக்கு உன் அண்ணன் மாதேஷ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கவிப்பிரியாவும் நலம். இந்த ‘நலம்’ என்ற சொல்லை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்று மாலை மூன்றே முக்கால் மணியிலிருந்துதான் நலம். அதற்கு முந்தைய நான்கு நாட்கள் நலமாக இல்லை. ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உன் மாமனாரும், வியாழக்கிழமை முதல் உங்களோடு வந்து தங்கியிருக்கும் நம் அப்பாவும், சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். நேற்று மாலை உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அப்பாதான் எடுத்தார். “மேனகா சோறு வடிச்சிட்டிருக்குது. நீ போன வெச்சிட்டுப் போயிப் படி” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு நீ வாட்ஸப்பில் கேட்டிருந்தாய்: “அண்ணா, உன்ன காலேஜ்ல இருந்து நிறுத்திட்டாங்களாமே? அப்பா போயி கெஞ்சித்தான் மறுபடி சேத்துக்கிட்டாங்களாமே? மாமனார் வேற கேக்கறாரு, நான் என்னன்னு சொல்லட்டும்?” இதற்கு வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் எழுத முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாமனாருக்கும் வாசித்துக் காட்டு. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உனக்கே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் நிறுத்தவில்லை. மொரப்பூர் சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரியில் பதினோரு வருடங்களாக நான் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், இன்றைக்கும் இருக்கிறேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடங்கி நேற்று வெள்ளிக்கிழமை வரைக்கும், அதே கல்லூரியில், அதே தாவரவியலில், முதலாம் ஆண்டு மாணவனாகவும் இருந்தேன். நல்ல மாணவனாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடங்களை ஆன்லைனில் நடத்துவதற்கு ஒரு போர்ட்டல் உண்டு. பாடக் குறிப்பு போடுவது, அசைன்மென்ட் வாங்குவது, மதிப்பெண் ஏற்றுவது எல்லாம் அதில்தான். பழைய போர்ட்டல் மெதுவானது. காலையில் திறந்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பாதி திறந்திருக்கும். ஆனால் அதற்கு நம்மைத் தெரியும், நமக்கும் அதைத் தெரியும். இந்த ஜூன் மாதம் அதைத் தூக்கிவிட்டு மேம்படுத்தப்பட்ட புதிய போர்ட்டலைக் கொண்டுவந்தார்கள். அரைநாள் பயிற்சி என்று கூப்பிட்டு, அதில் பாதி நேரம் புரொஜெக்டரைச் சரிசெய்துவிட்டு, மீதி நேரத்தில் புதிய வசதிகளை ஒருவர் மூச்சுவிடாமல் சொன்னார். வினாத்தாளில் விடைகளைப் போர்ட்டலே கலைத்து அடுக்கிவிடுமாம், காப்பி அடிக்க முடியாதாம். கெடு தாண்டி வரும் அசைன்மென்டுக்குத் தானாகவே பூஜ்யம் போட்டுவிடுமாம், ஆசிரியர் நினைத்தாலும் மாற்ற முடியாதாம். மாணவன் வகுப்புக்கு வராவிட்டாலோ மார்க் குறைந்தாலோ பெற்றோருக்கு உடனே தமிழிலேயே குறுஞ்செய்தி போய்விடுமாம். மாணவர்களுக்கு ஊக்கம் சொல்ல ‘தோழன்’ என்று ஒரு பொம்மை திரையின் ஓரத்தில் நின்று பேசுமாம். கடைசியாக, மாணவர் கண்ணுக்குப் பாடம் எப்படித் தெரிகிறது என்று ஆசிரியர் பார்த்துக்கொள்ள ‘மாணவர் பார்வை’ என்று ஒரு பொத்தான். நாங்கள் கை தட்டினோம். கை தட்டினால் விட்டுவிடுவார்கள் என்று தட்டினோம்.

என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். ‘உங்கள் ஊரில் வளரும் பத்துத் தாவரங்கள்’ என்று ஓர் அசைன்மென்ட் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு மணி கெடு வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் இருபத்துமூன்று பேருக்குப் பூஜ்யம். எல்லாம் தாமதம். ஒருவர் பன்னிரண்டு இருபதுக்குப் போட்டிருக்கிறார், ஒருவர் ஒன்று பத்துக்கு, ஒரு பெண் பன்னிரண்டு ஐம்பதுக்கு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் நின்று அரைமணி நேரம் திட்டினேன். நேரத்தை மதிக்காதவர்கள் எதையும் மதிக்க மாட்டார்கள் என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன், நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்தப் பன்னிரண்டு ஐம்பது பெண்ணின் பெயர் சுமலதா. வத்தல்மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

“சார், நான் ஏழு இருவதுக்கே போட்டுட்டனுங்க. எங்க வூட்டுக்கிட்ட டவர் எடுக்காதுங்க. சாமைக்காட்டு மேட்டுல ஏறி நின்னு போட்டனுங்க.”

“போர்ட்டல்ல பன்னெண்டு அம்பதுன்னு இருக்குதே. அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

“அது எனக்குத் தெரியாதுங்க சார். நான் ஏழு இருவதுக்குத்தான் போட்டேன்.”

“உக்காரு” என்றேன்.

அவள் உட்காரவில்லை. “இன்டர்னல் மார்க் இல்லீன்னா பரீட்சை எழுத உட மாட்டாங்கன்னு சொல்றாங்க. அப்ப நான் நாளைலருந்து வரவேணாங்களா சார்?” என்று கேட்டாள். அழவில்லை. நாளைக்குப் பஸ் ஏற வேண்டுமா வேண்டாமா என்று விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் மத்தியானம் சாப்பிடுமுன் அவளுடைய அசைன்மென்டைத் திறந்து பார்த்தேன். பத்துத் தாவரங்களுக்கும் தானே படம் எடுத்து, மலையில் என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்கு உபயோகிக்கிறார்கள், எந்த மாதம் பூக்கும் என்று எழுதியிருந்தாள். பத்தில் மூன்று எனக்கே தெரியாதவை. டாக்டர் பட்டம் வாங்கியவன் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். அதன் தலையில் சிவப்பில் ஒரு பூஜ்யம். இந்தப் பிள்ளைகளுக்குப் போர்ட்டலில் என்னதான் தெரிகிறது, கெடு சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்போமே என்று ‘மாணவர் பார்வை’ பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தியதோடு என் ஆசிரியர் வாழ்க்கை முடிந்தது, மேனகா. திரையில் என் பாடத் தலைப்பெல்லாம் வேறு நிறமாக மாறி, “வணக்கம் மாதேஷ்! முதலாம் ஆண்டுக்கு உன்னை வரவேற்கிறேன்!” என்று அந்தத் தோழன் பொம்மை கையை ஆட்டியது. திரும்பிப் போகப் பொத்தான் தேடினேன், இல்லை. வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன், அப்போதும் மாணவன்தான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், மாணவன்தான். வருகைப் பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பேருக்கும் கீழே ஐம்பத்தொன்பதாவதாக ‘ம. மாதேஷ்’ என்று என் பெயர் ஏறியிருந்தது.

எங்கள் கல்லூரியில் போர்ட்டலுக்குப் பொறுப்பு இயற்பியல் துறைத் தீர்த்தகிரி. பொறுப்பு என்றால், அந்தப் பயிற்சி நாளில் முன் வரிசையில் உட்கார்ந்த பாவத்துக்காக அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் என் திரையையே பார்த்துவிட்டு, “சார், இந்த மாதிரி வேற யாருக்கும் ஆகலைங்களே. நீங்க எதையோ அமுக்கிட்டீங்க” என்றார். அது எனக்கும் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு உதவிக் கோரிக்கை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: “அன்புள்ள மாணவரே, உங்கள் கோரிக்கை உங்கள் பாட ஆசிரியரின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது. பாட ஆசிரியர்: முனைவர் ம. மாதேஷ். அவர் மூன்று வேலை நாட்களுக்குள் உங்களுக்குப் பதில் அளிப்பார்.” அந்த மாதேஷுக்கு வரும் கடிதங்களைத் திறக்க இந்த மாதேஷுக்கு அனுமதி இல்லை. தீர்த்தகிரி என் தோளைத் தட்டி, “மூணு நாள்தானே சார், பொறுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்ன, அவர் ஆசிரியர்.

மூன்று நாள் பொறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் பூட்டப்படும். அதற்குள் நான் ஆசிரியராக உள்ளே போகாவிட்டால், அந்த இருபத்துமூன்று பேர் மட்டுமல்ல, ஐம்பத்தெட்டுப் பேரும் தொங்கிப்போவார்கள். புதன்கிழமை முழுக்க இந்தக் கவலைதான். இதற்கு நடுவில் தோழன் விடவில்லை. நான் திரையைத் திறந்தால் போதும், “மாதேஷ், வினாடி வினா காத்திருக்கிறது, பயப்படாமல் எழுது!” என்று குதித்தது. எழுதித் தொலைத்தால் வழிவிடுமோ என்று எழுதினேன். கேள்விகள் எல்லாம் நானே எடுத்தவை. பத்துக்கு நாலு வாங்கினேன். சிரிக்காதே. விடைகளைப் போர்ட்டல் கலைத்து அடுக்கும் என்று சொன்னேன் அல்லவா, நான் கடைசி விடையாக வைத்திருந்த ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பது ஆறு கேள்விகளில் முதல் விடையாக வந்து நின்றது. அதற்கு மேலே கேள்வியைத் தவிர வேறொன்றும் இல்லை. எதை அனைத்தும் என்பது? நான் வேறு விடையைத் தொட்டேன், போச்சு. “மனம் தளராதே மாதேஷ், தினமும் இரண்டு மணி நேரம் படித்தால் நீயும் தேர்ச்சி பெறலாம்” என்றது பொம்மை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அப்போது தோழன் போனிலும் வந்துவிட்டது: “மாதேஷ், இரண்டாவது அசைன்மென்டுக்கு இன்று நள்ளிரவு கடைசி.” அதுவும் நான் வைத்த கெடுதான். உன் அண்ணி எட்டிப் பார்த்து, “குடுக்கறதக் குடுத்துருங்க, அப்பறம் வந்து சாப்பிடுங்க” என்றாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கறிவேப்பிலைச் செடியை ஒரு படம் எடுத்து, நாலு வரி எழுதி அனுப்பினேன். கூடத்துக் கடிகாரத்தில் அப்போது ஏழு மணி ஆறு நிமிடம். டிவியில் ஏழு மணிச் செய்தி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: “தாமதம். சமர்ப்பித்த நேரம் 12.36. மதிப்பெண் 0.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஆறு எங்கே, பன்னிரண்டு முப்பத்தாறு எங்கே? சரியாக ஐந்தரை மணி நேரம். சுமலதா சொன்ன ஏழு இருபதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். பன்னிரண்டு ஐம்பது வந்தது.

அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள், மேனகா. புதிய போர்ட்டலின் மாணவர் பக்கத்துக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. சாயங்காலம் ஆறரைக்கே அதற்கு நள்ளிரவு ஆகிவிடுகிறது. மத்தியானமே வைஃபையில் அனுப்பிவிடும் டவுன் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காட்டு வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் டவர் கிடைக்கிற இடம் தேடி அனுப்பிய பிள்ளைகள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத்தான் நான் அரைமணி நேரம் திட்டினேன். கவிப்பிரியா சாப்பிடக் கூப்பிட்டாள். “கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தக் கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் போய் நின்றேன்.

வியாழக்கிழமை முதல் வகுப்பிலேயே விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று போனேன். ஐம்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, “நேத்து ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன்…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி கரகரத்தது. அலுவலகத்துச் சின்னராஜின் குரல். எதிரே வைத்த காகிதத்தை அப்படியே வாசிக்கிற மனுஷன் அவர்.

“தாவரவியல் முதலாம் ஆண்டு மாணவர் ம. மாதேஷ் உடனடியாக முதல்வர் அறைக்கு வரவும். உங்கள் தகப்பனார் வந்திருக்கிறார்.”

ஐம்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சின்னராஜ் அதையே இன்னொரு தடவை வாசித்தார். கடைசி பெஞ்சில் ஒருவன், “சார், போயிட்டு வாங்க சார். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றான். தைரியம் சொன்னானாம்.

என்ன நடந்திருக்கிறது என்று உனக்குப் புரிந்திருக்கும். வேலையில் சேர்ந்தபோது அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். புதிய போர்ட்டல் அதை எடுத்துப் ‘பெற்றோர்’ என்ற கட்டத்தில் போட்டுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பாப்பாரப்பட்டியில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு முதல் செய்தி போயிருக்கிறது: “தங்கள் மகன் மாதேஷ் இப்பருவத்தில் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரவில்லை. வருகை 0 சதவீதம்.” புதன்கிழமை மத்தியானம் அடுத்தது: “தங்கள் மகன் தேர்வில் தோல்வி.” சாயங்காலம் மூன்றாவது: “தங்கள் மகன் அசைன்மென்டைத் தாமதமாகச் சமர்ப்பித்தார்.” அப்பா எழுத்துக் கூட்டி மூன்றையும் படித்திருக்கிறார். யாரிடமும் காட்டவில்லை. எனக்கும் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் குளித்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தருமபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மொரப்பூர்ப் பக்கம் இன்னொரு பஸ் என்று ஏறி வந்துவிட்டார்.

முதல்வர் சவுரியப்பன் கண்டிப்பான மனிதர். நான் உள்ளே போனபோது அவர் மேஜைமேல் இருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அப்பா நாற்காலியில் உட்காரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

“சார், அவன் கெட்டவன் இல்லீங்க. சின்ன வயசுல இருந்தே கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “பதினோரு வருசமா தெனமும் அவன் பொண்டாட்டி டிபன் கட்டிக் குடுக்குது, எடுத்துக்கிட்டுத்தான் வர்றானுங்க. இங்க வராம எங்க போயி உக்காந்துட்டிருந்தான்னே தெரியலீங்க. ஊருல அத்தன பேர்கிட்டயும் என் பையன் புரொபசருன்னு சொல்லிட்டுத் திரியறனுங்க.”

“அப்பா, நான் இங்கதாம்ப்பா இருக்கேன்” என்றேன்.

“நீ பேசாத. நான் பேசிட்டிருக்கறனில்ல” என்றார். பிறகு முதல்வரிடம், “இந்த ஒரு தடவ மன்னிச்சு உட்ருங்க. இனிமே ஒழுங்கா வருவான். நான் பொறுப்பு” என்றார்.

மேஜைமேல் இருந்த காகிதத்தை முதல்வர் என் பக்கம் நகர்த்தினார். சின்னராஜ் கொடுத்த பெற்றோர் உறுதிமொழிப் படிவம். ‘என் மகன் இனி தவறாமல் வகுப்புக்கு வருவான் என உறுதி கூறுகிறேன்’ என்பதற்குக் கீழே, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, கோணலாக, மல்லையன் என்று கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சிரிப்பு வரவில்லை.

பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். பொத்தான், மாணவர் பார்வை, கடிகாரம், இருபத்துமூன்று பேர். முதல்வர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆனால் கடைசியில், “மாதேஷ், நேரம் பல்கலைக்கழக சர்வர்ல இருந்து வருது. அது எப்படித் தப்பா இருக்கும்? நீங்க ஏழு மணிக்குத்தான் அனுப்புனீங்கன்னு என்ன ஆதாரம்? உங்க வீட்டுக் கடிகாரத்தையா கொண்டுபோய்க் காட்ட முடியும்?” என்றார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முதல்வரிடம் நீட்டினார். “அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தனுங்க. வியாழக்கெழம பன்னெண்டு முப்பத்தாறுக்கு இவன் லேட்டாக் குடுத்தான்னு எழுதியிருக்குது. ஆனா இந்தச் சேதி எனக்குப் புதன்கெழம சாயங்காலமே வந்துருச்சுங்க. நான் மாட்டப் புடிச்சுக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் தப்புப் பண்றதுக்கு முன்னாடியே தப்புன்னு எழுதிட்டா, அவன் எப்படிங்க திருந்தறது?”

முதல்வர் போனை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். செய்திக்குள்ளே: சமர்ப்பித்த நேரம், வியாழன் 12.36. செய்திக்கு மேலே போன் தானாகக் காட்டும் நேரம்: புதன், மாலை 7.06. அவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். “உக்காருங்க பெரியவரே” என்று முதல்வர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். முதல்வர் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். முதலில் பேசியவர் சர்வர் தப்பு செய்யாது என்றார். அதற்கு மேலே இருந்தவர் ஆதாரம் அனுப்புங்கள் என்றார். போனை வைத்துவிட்டுப் போங்கள் என்று அப்பாவிடம் கேட்டோம், “மாட்டு டாக்டரு போன் பண்ணுவாரு” என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் அவர் கையில் பிடித்தபடியே தீர்த்தகிரி படம் எடுத்து அனுப்பினார். பல்கலைக்கழகக் கோப்பில் இப்போது நம் அப்பாவின் கட்டைவிரலும் இருக்கிறது. மத்தியானம் வகுப்புக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்ட மன்னிப்பை முழுசாகக் கேட்டேன். சுமலதா, “நாங்க அன்னிக்கே சொன்னமுங்க சார்” என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. உலகப் பொது நேரத்தை நம் நாட்டு நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று போர்ட்டலைச் செய்த கம்பெனிக்காரர்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டியது தெரியாமல் பல்கலைக்கழகத்துக்காரர்களும் மாணவர் பக்கத்தில் இன்னொரு ஐந்தரையைக் கூட்டியிருக்கிறார்கள். கடிகாரத்தைச் சரி செய்தார்கள். எல்லாக் கல்லூரிகளிலும் தாமதப் பூஜ்யங்களை நீக்கினார்கள். என் பெயரை மாணவர் பட்டியலிலிருந்து எடுப்பதில் மட்டும் ஒரு சிக்கல்: நடுவில் விலகும் மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் ஏற்றாமல் பெயர் நீங்காதாம். அதனால் முதல்வர் எனக்கு டி.சி. கொடுத்தார். நடத்தை ‘நன்று’ என்று எழுதுமுன் கொஞ்சம் யோசித்தார். அதை ஏற்றியதும் தோழன் பொம்மை மறைந்தது, என் பழைய திரை வந்தது. பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து விட்ட மூச்சு தாவரவியல் துறை முழுக்கக் கேட்டிருக்கும். மூன்று நாற்பத்தைந்துக்கு ஐம்பத்தெட்டுப் பேரின் மதிப்பெண்ணும் ஏறிவிட்டது. பூட்டுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம்.

சுமலதாவுக்குப் பத்துக்கு ஒன்பது. மாலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் துறைக்கு வந்து, “அந்த ஒரு மார்க்கு எதுக்குங்க சார் கொறச்சீங்க?” என்று கேட்டாள். கடுக்காய் மரத்தின் அறிவியல் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றேன். “அது சரிங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். திங்கட்கிழமை வருவாள்.

ஆகவே மேனகா, நடந்தது இவ்வளவுதான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்பா, தான் கெஞ்சித்தான் என்னைத் திரும்பச் சேர்த்தார்கள் என்று சொன்னால் சொல்லட்டும், மறுக்காதே. ஒரு கணக்கில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் உன் மாமனாரிடம் மட்டும் நான் பேராசிரியர்தான் என்று அழுத்திச் சொல். அப்பா வியாழக்கிழமை கல்லூரி வாசலில் உங்கள் ஊருக்குப் பஸ் ஏறுமுன், இனி இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன், உன் மானத்தை வாங்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சின்னராஜும் இனி ஒலிபெருக்கியில் பெயரைப் படிக்குமுன் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமனாருக்கும் என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, உன் பேச்சைக் கேட்டு வளர என் ஆசிகள். அப்பாவை ஒரு வாரம் வைத்துக்கொண்டு அனுப்பு. உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன் நலம் விரும்பும் அண்ணன்,
ம. மாதேஷ்
(உதவிப் பேராசிரியர்)

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது முதல்வர் போன் செய்தார். புதிய போர்ட்டலின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பெற்றோர் பிரதிநிதி ஒருவரைக் குழுவில் சேர்க்க வேண்டுமாம். இந்த ஜூனிலிருந்து எங்கள் கல்லூரியில் எத்தனையோ நூறு பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது, அதைப் பார்த்து நேரில் வந்த ஒரே பெற்றோர் நம் அப்பாதானாம். டி.சி. கொடுத்த மாணவனின் அப்பா எப்படிப் பிரதிநிதி ஆக முடியும் என்று கேட்டுப் பார்த்தேன், முன்னாள் மாணவரின் பெற்றோரும் இருக்கலாம் என்று விதியில் இருக்கிறதாம். பெயரை ஏற்றியாகிவிட்டது. முதல் கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஆசிரியர்கள் ஒழுங்காக வகுப்பு நடத்துகிறார்களா என்று விசாரிப்பதுதான் கூட்டத்தின் பொருளாம். அப்பாவிடம் முதல்வரே பேசிவிட்டார். எனக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்டதற்கு, “அது வேற, இது வேற” என்றாராம். இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன், கிடைத்ததும் அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிடு. உன் மாமனாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அப்பாவே சொல்லிக்கொள்வார்.